ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சைக்கிள்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் அவள். வீட்டில் மூத்தவள் என்பதால் பெரியவள். வேலையிடத்தில், நாலேமுக்கால் அடி உயரம் என்பதால் குட்டையக்கா. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அதுக்கு லீவு கிடைக்கலை" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வருடாந்தரப் பரிசோதனையின்போது நர்ஸ் அவள் கையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டினாள். இரண்டாவது முறையும் அதே எண்தான் வந்தது.

"ரத்த அழுத்தம் ஏறிடுச்சு குட்டையக்கா. சர்க்கரை வேற வாசல்ல வந்து நிக்குது. உள்ள கூப்பிட்டுடாதீங்க."

"நடக்கட்டுமா?"

"உங்க முட்டி இருக்கற லட்சணத்துக்கு நடை வேண்டாம். சைக்கிள் ஓட்டுங்க. உடம்போட பாரம் முட்டிமேல விழாது."

பெரியவளுக்கு அது பிடித்திருந்தது. பயிற்சி என்றார்களே தவிர, உட்கார்ந்தபடியே செய்யலாமே. அந்த வாரமே கடையில் ஒரு சைக்கிள் வாங்கினாள். ஒன்பது நாள் ஓட்டினாள். பெரியவர்களுக்கான சைக்கிள்களில் அதுதான் ஆகச் சிறியது. இருந்தும், ஹேண்டிலைப் பிடிக்க அவள் கொடியில் துணி எடுக்கிறவள் போல எட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஈரப் போர்வைகளை முறுக்கி முறுக்கி மரத்துப்போகிற மணிக்கட்டு, கால்மணி நேரத்தில் சுத்தமாக உணர்வற்றுப் போனது. சிறுவர் சைக்கிளில் ஏறிப் பார்த்தாள். முட்டி ஹேண்டிலில் இடித்தது. கடைக்காரர் நல்ல மனிதர். சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு ரெடிமேட் சரிப்படாது. அளவெடுத்து சைக்கிள் செய்யற அளவுக்காரர்கிட்ட போங்க" என்றார்.

அளவுக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மூடிப்போன ஒரு அச்சகத்தின் பின்கட்டில் பட்டறை வைத்திருந்தார். சுவரோரம் இரும்புக் குழாய்கள் பருமன் வாரியாகச் சாய்ந்து நின்றன. மேலே கம்பியில் பாதி முடிந்த பிரேம்கள் தொங்கின. நடுவில் ஒரு ஸ்டாண்டு. சக்கரம் இல்லாத சைக்கிள் மாதிரி, சீட்டையும் ஹேண்டிலையும் பெடலையும் எந்தப் பக்கமும் நகர்த்தக்கூடியது. யார் வந்தாலும் அவர் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார், அப்புறம் தோளை.

அவர் ஒரு தாளை நீட்டினார். "முதல்ல இதை நிரப்புங்க அக்கா. அளவு அப்புறம் எடுத்துக்கலாம்."

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள். எந்த வழியில். மேடு உண்டா. உடம்பில் எங்கே வலி. என்ன சுமை ஏற்றுவீர்கள். எதற்காக.

பெரியவள் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். நாலரை மணிக்கு எழுந்து அப்பாவைத் துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறாள். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு இடது பக்கம் பேருக்குத்தான் இருக்கிறது. பகலில் எதிர்வீட்டு அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்ப்பார். மூன்று மணிக்குத் திரும்பினால் சமையல், துணி, அவருடைய கைகால் பயிற்சி. செவ்வாயும் வெள்ளியும் வாடகை வண்டி பிடித்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஞாயிறு மதியம் தம்பி குடும்பத்தோடு வருவான். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் கிளம்புவான்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிச்சு எழுதிட்டு வரட்டுமா?" என்றாள்.

"தாராளமா."

கடைசிக் கேள்விக்கு மட்டும் அங்கேயே பதில் எழுதினாள்: சும்மா.

தாள் சாப்பாட்டு மேசைமேல் மருந்து டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி அதைப் பார்த்தான். முழுதாகப் படித்துவிட்டு, "நல்ல விஷயம்கா" என்றான். மனதாரத்தான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "எப்படியும் புதுசா செய்யப் போற. பின்னாடி ஒரு பெரிய கேரியர் வெச்சுக்கோ. மருந்து, சாமான் எல்லாம் வாங்கிட்டு வந்துடலாம்" என்றான்.

"சரி."

"அண்ணி, கேரியர்ல ஒரு சின்ன சீட்டும் போட்டுட்டா நல்லாயிருக்கும்" என்றாள் தம்பியின் மனைவி. "பாப்பாவை சாயங்காலம் பாட்டு கிளாசுக்கு விடணும். உங்களுக்குப் போற வழிதானே."

போற வழி இல்லை. அது பெரியவளுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "சரி, பாக்கலாம்" என்றாள் பெரியவள். மறுத்துப் பேசவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போதுதான் தம்பிக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. "அக்கா, மூணு சக்கரம் வெச்சா என்ன? முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல ஒரு நாற்காலி. அப்பாவை உக்கார வெச்சு பிசியோவுக்கு நீயே ஓட்டிட்டுப் போயிடலாம். வாடகை வண்டிக்காரன்கிட்ட தொங்க வேண்டாம். உனக்கும் எக்ஸர்சைஸ் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் இழுக்கும். ஆனால் நாக்கின் கூர் மழுங்கவில்லை. "முன்னாடியா நான் உக்காரணும்? எதாவது மோதினா முதல்ல நான்தான் போவேன்னு கணக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு, "காத்து நல்லா அடிக்கும், இல்ல?" என்றார். அந்தக் குரலைப் பெரியவள் கவனித்தாள். பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருடத்தில் அவர் எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

தம்பியே தாளை நிரப்பினான். சுமை என்ற இடத்தில் இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி எழுதினான்.

புதன்கிழமை வேலை முடிந்து பட்டறைக்குப் போனாள். அளவுக்காரர் தாளைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினார். மூன்று சக்கரம், முன்னால் நாற்காலி, பின்னால் கேரியர், அதன்மேல் சின்ன சீட்டு, பக்கத்தில் கூடை. வரைந்து முடித்ததும் தூர வைத்துப் பார்த்தார்.

"செய்யலாம் அக்கா. செய்ய முடியாதது எதுவும் இல்ல. ஆனா இது வேற வண்டி."

"வேறன்னா?"

"அன்னிக்கு நீங்க கேட்டது சைக்கிள்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "சரி, எதுவா இருந்தாலும் உங்க அளவு வேணும். ஏறுங்க."

ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் சீட்டை இறக்கினார். ஹேண்டிலை உயர்த்தி, கிட்டத்தில் கொண்டுவந்தார். அவள் மணிக்கட்டைத் தொட்டு, "இங்க மரத்துப் போகுமா?" என்று கேட்டு, பிடியின் கோணத்தை மாற்றினார். பெடலின் தண்டைக் கழற்றிவிட்டு நீளம் குறைந்த ஒன்றைப் போட்டார். "வலது தோள் இறங்கியிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

"சலவை. வண்டி நிறைய ஈரத்துணி தள்ளுவோம்."

"அது இல்ல. தள்ளினா ரெண்டு தோளும் போகும். இது தூக்கறது."

அப்பாவைக் கட்டிலிலிருந்து எடுக்கும்போது வலது தோளைத்தான் கொடுப்பாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் ஸ்டாண்டின் பின்னால் குனிந்து ஏதோ ஒரு திருகை இறுக்கினார். "இப்ப மிதிங்க. நீங்க எழுதினது அத்தனையும் ஏத்தினா ஒரு சின்ன மேட்டுல இப்படித்தான் இருக்கும்."

மிதித்தாள். முதல் சுற்றே பிசியோவுக்குப் போகிற செவ்வாய்க்கிழமை மாதிரி கனத்தது. இரண்டாவது நிமிடத்தில் தொடை எரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் முட்டிக்குள் பழகிய அந்த ஊசி இறங்கியது. நிறுத்தவில்லை, நிறுத்திப் பழக்கமில்லை. அவர்தான் போதும் என்று சொல்லித் திருகைத் தளர்த்தினார்.

"இது நீங்க மட்டும்."

பெடல் தானாகச் சுற்றுகிறது போலிருந்தது. எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அதில் ஓர் ஆணி. ஆணியில் ஒன்றும் இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். அளவுக்காரர் தாளில் எண்களைக் குறித்துவிட்டு, ஒரு குழாயை எடுத்து அறுக்கப் போய்விட்டார். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் அது படியேறும்போது வாங்குகிற மூச்சு இல்லை. தன் முதுகு இப்படி நேராக இருக்கும் என்பதையே மறந்திருந்தாள்.

அவர் திரும்பி வந்து, "அளவு முடிஞ்சுதுக்கா. இறங்கலாம்" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் மிதிக்கட்டுமா தம்பி?"

"மிதிங்க."

நாற்பது நிமிடம் மிதித்தாள். இறங்கியபோது கால் நடுங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து அவர் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள். நேரமாகிவிட்டது. வீட்டில் அப்பாவின் உடை ஈரமாகியிருக்கும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்கவில்லை.

"எது செய்யட்டும்?" என்றார் அவர்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் அளவு எடுக்கறவன் அக்கா. எது வேணும்னு ஓட்டறவங்கதான் சொல்லணும்."

பெரியவள் காலண்டர் தாளைப் பார்த்தாள். தம்பி சொன்ன எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் நியாயம்தான். நியாயமான விஷயங்களால்தான் அவள் நாள் முழுக்க நிரம்பியிருந்தது.

"ரெண்டு சக்கரம்" என்றாள். "கேரியர் வேண்டாம். கூடை வேண்டாம்."

"அப்புறம் வைக்கணும்னா மாட்டறதுக்கு ஓட்டையாவது போட்டு வைக்கட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம் தம்பி. ஓட்டை இருந்தா மாட்டிடுவாங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவைச் சுத்தம் செய்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி முடித்த பிறகுதான் சொன்னாள்.

"அப்பா, அந்த மூணு சக்கர வண்டி வேண்டாம்னுட்டேன். என்னால மிதிக்க முடியாது."

"நேத்து பிசியோ டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேனே. அடுத்த மாசம் சொந்த வண்டியில வரேன்னு."

"தெரியும்பா."

"வெயிலுக்கு ஒரு தொப்பி வேணும்னு எதிர்வீட்டு அம்மாகிட்ட சொல்லி வெச்சேன்."

அது அவளுக்குத் தெரியாது. "எனக்கு வாரத்துல மூணு மணி நேரம் வேணும்பா. தனியா" என்றாள். தன் காதுக்கே அது பெரிய பேராசை மாதிரி கேட்டது.

"சரி விடு" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து தண்ணி, போதும், விளக்கை அணை, இவ்வளவுதான் பேசினார். அவள் வழக்கம்போல் எல்லாம் செய்தாள். ஒரு தடவை, அந்த மூன்று சக்கர வண்டியையே செய்துவிடலாமா என்றும் நினைத்தாள். போனை எடுத்து அளவுக்காரரின் எண் வரைக்கும் போய்விட்டு வைத்துவிட்டாள். அப்போது அவளைத் தடுத்தது மன உறுதி அல்ல, அசதிதான். மறுபடியும் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச அவளால் முடியாது.

தம்பியிடம் போனில் சொன்னாள். அவன் முதலில் வண்டியைப் பற்றித்தான் கோபப்பட்டான். அவள் அவனைப் பேசி முடிக்கவிட்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு நீ வரணும். பத்து மணிக்குப் போயிடலாம். நீ மட்டும் வந்தா போதும்" என்றாள்.

"ஏழு மணிக்கா? வாரத்துல அந்த ஒரு நாள்தான்கா தூங்கறேன்."

"தெரியும்டா."

"அப்பாவுக்கு உடம்பு துடைக்கறது, மாத்தறது, அதெல்லாம் எனக்கு வராது. நீ செஞ்சு பழகிட்டே."

"நானும் பிறக்கும்போதே கத்துக்கிட்டு வரலைடா."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு அழுகிற சத்தம் வந்தது. "பாக்கறேன்" என்று வைத்துவிட்டான். அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அதைச் சொல்கிறவள்தான். ஆனாலும் மறுநாள் அவனே கூப்பிட்டு, "எந்த வாரத்துலேருந்து?" என்று கேட்டான்.

சைக்கிள் முடிய ஐந்து வாரம் ஆனது. நடுவில் அளவுக்காரர் ஒரு தடவை போன் செய்து என்ன நிறம் என்று கேட்டார். போர்வை மடிக்கிற மேசையருகே நின்றபடி பேசினாள். யோசித்துப் பார்த்தாள், ஒரு நிறமும் நினைவுக்கு வரவில்லை. "உங்ககிட்ட என்ன மீதி இருக்கோ அதை அடிங்க தம்பி" என்றாள். கரும்பச்சை மீதி இருந்தது.

சின்னச் சக்கரம், தாழ்ந்த குறுக்குக் குழாய், கையை நீட்டாமலே எட்டுகிற ஹேண்டில். ஏழு கியர். அதில் மூன்று போதும், மற்றதெல்லாம் தைரியத்துக்கு என்றார் அளவுக்காரர். பட்டறை வாசலிலேயே ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் பதிந்தன. கடை நாற்காலியிலோ பேருந்து இருக்கையிலோ உட்காரும்போது அவளுக்கு அது நடந்ததே இல்லை.

முதல் ஞாயிறு தம்பி ஏழே முக்காலுக்கு வந்தான், தலை வாராமல். அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள்: வெந்நீர், துண்டு, மாற்றுத்துணி. எப்படித் திருப்ப வேண்டும், எந்தத் தோளைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். இரண்டு தோளையும் மாற்றி மாற்றிக் கொடு என்று சேர்த்துச் சொன்னாள். அவன் தலையாட்டினான். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கையால் துடைத்துக்கொள்வதில் அவருக்கும் கூச்சம்தான்.

கால்வாய்க் கரைச் சாலையில் போனாள். உடம்போடு ஒட்டிய உடை போட்ட நாலைந்து பேர் விர்ரென்று கடந்து போனார்கள். அப்புறம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியும் அவளைக் கடந்து போனார். போகிற போக்கில் பரிவாக ஒரு புன்னகை வேறு. பெரியவளுக்கு அவமானமாக இல்லை. எந்த இடத்துக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதால் அவசரமும் இல்லை. பாலத்து மேட்டில் இறங்கித் தள்ளினாள். அப்பால் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து போன் வருமோ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தாள். வரவில்லை. வராதது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது.

திரும்பியபோது வீட்டில் தம்பியின் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டிருந்தான். தாடையில் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது.

"உன் தம்பிக்கு நல்ல கை" என்றார் அப்பா. "கழுத்தை விட்டுட்டான்."

ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது மணி ஒன்று. பத்து மணிக்குப் போக வேண்டிய தம்பி இன்னும் இருந்தான். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் பட்டையை மாட்டிப் பார்த்தாள். "அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கு. சர்க்கரை அதே வாசல்லதான் நிக்குது. பரவாயில்ல, உள்ள வரலை" என்றாள். பெரியவள் தினமும் ஓட்டவில்லை. ஞாயிறு மட்டும், சில புதன்கிழமை அரை மணி. எல்லா ஞாயிறும் தம்பி வந்தான் என்றும் சொல்ல முடியாது. மழை வந்தது, பாப்பாவுக்கு அம்மை போட்டது, ஒரு வாரம் காரணமே சொல்லாமல் வரவில்லை.

அந்த வாரம்தான் இது நடந்தது. எட்டு மணி வரை பார்த்துவிட்டு, சைக்கிளை உள்ளே எடுத்து வைக்கப் போனாள்.

"எதுக்கு உள்ள கொண்டு வர?" என்றார் அப்பா.

"அவன் வரலைப்பா."

"அதுக்கு? நான் எங்க எழுந்து ஓடிடப் போறேனா? தண்ணியை கைக்கு எட்டற மாதிரி வெச்சுட்டுப் போ."

அப்பாவின் நல்ல கைப்பக்கம் தண்ணீரையும் போனையும் வைத்தாள். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பாலம் வரைக்கும்தான் போனாள், அதற்குமேல் போக மனது வரவில்லை. நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டாள்.

அப்பா தண்ணீரைக் குடித்திருந்தார். பாதி சட்டையில் இருந்தது. போன் கீழே கிடந்தது. மற்றபடி ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார்.

"வெயில்பா" என்றாள். மாற்றுச் சட்டை எடுக்க உள்ளே போனாள்.